விமானத்தின் நாள் வேறு, விமானியின் நாள் வேறு: வீட்டு சிமுலேட்டருக்கு ரோஸ்டர் போட்டு நான் பட்ட பாடு

ஒரு விமானி எந்த நாள் எந்த ஃப்ளைட் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் மாதப் பணிப் பட்டியல்தான் ரோஸ்டர். முதல் ரோஸ்டரைப் போட்டு முடித்த ராத்திரி, எக்செல் ஷீட்டை மூன்று தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து ரசித்தேன். 30 நாளில் 22 நாள் பறப்பு, மொத்தம் 78 மணி நேரம், விமானம் ஏ320, தளம் சென்னை. நிஜ விமானியின் மாதம் இப்படித்தான் இருக்கும், அதையே வீட்டு மேஜையில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஓட்டிவிடலாம் என்று கிளம்பினேன். ஒன்பதாவது நாள் ஷீட் செத்துப்போனது. அதைத் திருத்தி இரண்டாவது, அதையும் தூக்கிப் போட்டு மூன்றாவது என்று ஐந்து வாரம் கரைந்தது. கூடவே கிட்டத்தட்ட 14,000 ரூபாய்: சிமுலேட்டரில் தனியாக வாங்கிச் சேர்க்கும் விமானமான ஆட்ஆனில் தேவைப்படாத இரண்டாவது ஏ320 ஒன்று, பயன்படுத்தாமலே ஓடிய சார்ட் (விமானிகளுக்கான வரைபடம்) சந்தா, கட்டணம் வாங்கும் ஒரு மெய்நிகர் விமான நிறுவனத்தில் மூன்று மாத உறுப்பினர் காசு. பணத்தை விட உறுத்தியது வேறு. பொழுதுபோக்குக்காக உட்கார்ந்த இடத்தில், ஆபீஸ் வேலையைப் போல "இன்னைக்கும் ரெண்டு செக்டர் பாக்கி" என்று மனசு இழுத்தது. (செக்டர் என்றால் ஒரு புறப்பாடு முதல் ஒரு இறக்கம் வரை.) நான் இடறிய இடங்களை இடறிய வரிசையிலேயே எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து ரோஸ்டர் போடப் போகிறவர்களுக்கு ஐந்து வாரம் மிச்சமாகட்டும்.

எல்லாத் தப்புக்கும் மூலம் ஒன்றுதான். ஃப்ளைட்ரேடார்24-இல் ஒரு விமானத்தின் பதிவு எண்ணைத் தட்டினால், அது போன வாரம் முழுக்க எங்கெங்கே போனது என்று வந்துவிடும். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து "இதுதான் என் டியூட்டி" என்று எழுதிக்கொண்டேன். தோராயமாக அந்த நாள் இப்படி இருந்தது: காலை 07:05-க்கு சென்னையிலிருந்து பெங்களூரு, 08:10-க்கு இறக்கம். 08:45-க்குத் திரும்பி 09:50-க்கு சென்னை. 10:25-க்கு கோயம்புத்தூர், 11:40. 12:15-க்குத் திரும்பி 13:25. 14:05-க்கு டெல்லி, 16:55. 17:35-க்குத் திரும்பி 20:25. 21:05-க்கு மதுரை, 22:20. கடைசியாக 22:55-க்குக் கிளம்பி நள்ளிரவு தாண்டி 00:10-க்கு சென்னை. எட்டு செக்டர், அவற்றின் நேரத்தை மட்டும் கூட்டினால் (இதுதான் பிளாக் டைம்) 12 மணி 45 நிமிடம். ஒரு மணி நேரம் முன்னதாக 06:05-க்கு ரிப்போர்ட் செய்ததாக வைத்தால், பணி நேரம் 18 மணி 5 நிமிடம். விமானத்துக்குத் தூக்கம் வேண்டாம், அதனால் நிறுவனம் அதைக் காலையிலிருந்து ராத்திரி வரை ஓட்டும். மனிதனால் முடியாது. அந்த ஒரு நாளில் அந்த காக்பிட்டில் இரண்டு அல்லது மூன்று ஜோடி விமானிகள் மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள். அது எந்த டிராக்கரிலும் தெரியாது.

விமானம் தளத்துக்குத் திரும்பும் இடங்களில் வெட்டிப் பார்க்க வேண்டும். முதல் நான்கு செக்டர் ஒரு ஜோடிக்கு: 06:05-லிருந்து 13:25 வரை 7 மணி 20 நிமிடம். டெல்லி போய் வருவது இன்னொரு ஜோடிக்கு: 13:05-லிருந்து 20:25 வரை, அதுவும் 7 மணி 20 நிமிடம். மீதி இருக்கும் மதுரையை டெல்லி ஜோடியின் தலையிலேயே கட்டலாமா? கட்டினால் பணி 11 மணி 5 நிமிடம் ஆகிறது. ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசாவின் அட்டவணைப்படி, காலை 6 மணிக்கும் பகல் 13:29-க்கும் நடுவில் ரிப்போர்ட் செய்பவருக்கு இரண்டு செக்டர் வரை 13 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு செக்டருக்கும் அரை மணி கழிவு. நான்கு செக்டருக்கு 12 மணி நேரம், ஆக அங்கே இது செல்லும். இந்தியாவில் செல்லாது. இந்திய விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ 2024 ஜனவரியில் திருத்திய பணி நேர விதிப்படி இரவு என்பது நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை. அதைத் தொட்டுவிட்ட பணிக்கு அதிகபட்சம் 10 மணி நேரம், பறப்பு 8 மணி நேரம், இரவில் இறக்கம் இரண்டு. கடைசி இறக்கம் 00:10. பத்தே நிமிடம் நள்ளிரவைத் தாண்டியதால் பணியும் விதியை மீறுகிறது, 8 மணி 10 நிமிடப் பறப்பும் மீறுகிறது. ஆக மதுரைக்கு மூன்றாவது ஜோடி. 2025 டிசம்பரில் நாடு முழுக்க விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தானபோது செய்தியில் அடிபட்டது இந்த விதிகள்தான். அந்தச் சமயத்தில் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தி பார்த்ததில், பத்து நிமிடம் எப்படி ஒரு ஜோடி விமானியை விழுங்கும் என்பது பளிச்சென்று புரிந்தது.

இங்கே இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிளாக் டைம் என்பது பார்க்கிங்கிலிருந்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போன இடத்தில் நின்று பார்க்கிங் பிரேக் போடும் வரை. பணி நேரம் என்பது ரிப்போர்ட்டிங்கில் தொடங்கி, அன்றைய கடைசி செக்டரில் பிரேக் போடும் வரை. அதற்கு அப்புறமும் பேப்பர் வேலைக்கு அரை மணி சேர்த்து, அங்கிருந்துதான் ஓய்வைக் கணக்கிடுகிறேன். முதல் ஷீட்டில் பிளாக் டைம் பத்தி மட்டும்தான் இருந்தது. அதனால்தான் 12:45 என்ற எண்ணைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

வரம்புகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வீட்டு ரோஸ்டருக்கு நாலைந்து எண் போதும். இந்திய விதியில் ஏழு நாளில் 35 மணி நேரப் பறப்பு, வருஷத்துக்கு 1,000 மணி, வாரத்தில் ஒரு முறை தொடர்ந்து 48 மணி நேர ஓய்வு, அதற்குள் இரண்டு உள்ளூர் இரவு. முன்பு இது 36 மணியாக இருந்தது. இயாசாவில் 28 நாளில் 100 மணி, தளத்தில் ஓய்வு குறைந்தது 12 மணி, வெளியூரில் 10 மணி. முந்தைய பணி அதை விட நீளமாக இருந்தால் அந்த நீளம்தான் குறைந்தபட்ச ஓய்வு. அமெரிக்காவில் 10 மணி ஓய்வு, அதற்குள் 8 மணி தூங்க வாய்ப்பு. எந்த நாட்டு நிறுவனத்தை ஓட்டுகிறீர்களோ அந்த நாட்டு விதி ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு வசதியானதை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பொறுக்கி எடுத்ததில் இரண்டாவது ஷீட் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனது. இன்னொன்று: நேற்று ஏ320, இன்று 737, நாளை ஏடிஆர் என்று ரோஸ்டர் வராது. ஏ319, ஏ320, ஏ321 மூன்றும் ஒரே தகுதிச் சான்றில் அடங்கும் என்பதால் அவற்றுக்குள் மாறலாம். மற்றபடி ஒரு ரோஸ்டருக்கு ஒரே ரகம்.

அடுத்த இடறல் நேரம். பறப்புத் திட்டம் போட்டுத் தரும் இணையதளமான சிம்பிரீஃபில் புறப்பாட்டு நேரம் கேட்கும் கட்டம், உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 5 மணி ஃப்ளைட் என்றால் யூடிசியில் முந்தைய நாள் ராத்திரி 23:30. நேரத்தை மாற்றினேன், தேதியை மாற்ற மறந்தேன். சிம்பிரீஃப் நாம் கொடுத்த மணிக்கான காற்று முன்னறிவிப்பை எடுத்துத்தான் எரிபொருள் கணக்குப் போடுகிறது. ஒரு நாள் தள்ளிப் போட்டால் திட்டத்தில் ஒரு காற்றும் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு காற்றும் வீசும். குட்டி செக்டரில் இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. டெல்லி செக்டரில் எட்டு நிமிடம் தாமதமாக இறங்கி, ஆட்ஆன்தான் கோளாறு என்று முடிவு கட்டி இன்னொரு ஆட்ஆன் வாங்கினேன். மேலே சொன்ன 14,000-இல் பெரும்பகுதி அது. இப்போது ஷீட்டில் தேதிக்கு இரண்டு பத்தி: இந்தியத் தேதி, யூடிசி தேதி. காலை 05:30-க்கு முன்னால் கிளம்பும் எந்த செக்டரும் மஞ்சள் நிறம்.

எக்செலிலும் இரண்டு பள்ளம் உண்டு. வருகை நேரத்திலிருந்து புறப்பாட்டைக் கழித்தால், நள்ளிரவைத் தாண்டும் செக்டரில் கழித்தல் குறியுடன் எண் வந்து கட்டம் முழுக்க வேலி அடையாளமாக நிரம்பும். கழித்து வந்ததை மாட் ஃபங்ஷனில் போட்டு 1-ஆல் வகுத்த மீதியை எடுத்தால் சரியாகும். இரண்டாவது பள்ளம் மோசமானது, ஏனென்றால் அது பிழை காட்டாது. மொத்தக் கூட்டல் 24 மணியைத் தாண்டியதும் சாதாரண நேர ஃபார்மேட் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். 31 மணி நேரம் 7 மணி என்று தெரியும். கூட்டல் கட்டத்துக்கு மட்டும், மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைக்கும் ஃபார்மேட் கொடுங்கள். வாரம் 35 மணி வரம்புக்குள் நான் சமர்த்தாக இருப்பதாக இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தது இதனால்தான்.

மூன்றாவது இடறல், எனக்கு மிகவும் வலித்தது: வீட்டு நேரம். சென்னை–பெங்களூரு அட்டவணையில் ஒரு மணி ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கும். காற்றில் இருப்பது முக்கால் மணிக்குள்தான். மீதி, விமானம் பார்க்கிங்குக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் தரையில் ஊர்ந்து போகும் டாக்ஸியும், நிறுவனம் வைத்துக்கொள்ளும் இடைவெளியும். நான் என்ன செய்தேன் என்றால், சிம்பிரீஃப் கொடுத்த பறப்பு நேரத்தில் டாக்ஸிக்கு இருபது நிமிடம் சேர்த்து, அதற்கு மேல் "நிஜத்தில் தாமதம் ஆகுமே" என்று இன்னொரு இருபது சேர்த்தேன். வேண்டாம். புறப்பாடு, வருகை இரண்டையும் வெளியிட்ட அட்டவணையிலிருந்து அப்படியே எடுங்கள். பறப்பு நேரத்தை சிம்பிரீஃபிலிருந்து எடுங்கள். டாக்ஸிக்கு வெளியே போக 10 முதல் 15, உள்ளே வர 5 முதல் 8 நிமிடம். நடுவில் மிஞ்சுவதுதான் தாமதத்தை விழுங்கும் இடம், அதைத் தொடாதீர்கள்.

ஆனால் எந்த அட்டவணையிலும் வராத நேரம் ஒன்று இருக்கிறது. விமானத்தை இருட்டிலிருந்து எழுப்பி, திட்டத்தைக் கணினியில் ஏற்றி, சார்ட் பார்த்து, எடை சரிபார்த்து முடிக்க முதல் செக்டருக்கு எனக்கு 40 நிமிடம். அடுத்தடுத்த செக்டருக்கு 25. சிமுலேட்டர் லோட் ஆவது தனி. ஆக நான்கரை மணி நேரப் பிளாக் டைம் உள்ள ஒரு நாலு செக்டர் டியூட்டி வீட்டில் ஆறரை மணி நேரம். ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டு உட்கார்ந்து பத்தரைக்கு எழுந்திருக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு அது நாலு நாள். 78 மணி நேர மாதம் என்பது அப்படியானால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒன்பதாவது நாள் ஷீட் செத்ததற்குக் காரணம் என் சோம்பல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் கணக்குப் பிழை. அந்த மெய்நிகர் நிறுவனத்தில் 14 நாள் பறக்காவிட்டால் பதவி இறங்கும் என்று ஒரு விதி வேறு. அதற்குப் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பறந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது நான் செய்வது வேறு. ரோஸ்டரை முழுசாகவே போடுகிறேன், ஆனால் நான்கில் ஒன்றை மட்டும் பறக்கிறேன். 28 நாளில் 72 மணி நேரம் அளவுக்கு டியூட்டிகள், எட்டு நாள் விடுமுறை, மூன்று நாள் ஸ்டாண்ட்பை (கூப்பிட்டால் போகத் தயாராக இருப்பது), ஒரு நாள் பயிற்சி. இந்தப் பயிற்சி நாளில் எஞ்சின் கோளாறு, இறங்காமல் மறுபடி மேலேறும் கோ-அரவுண்ட் மட்டும் பழகுவேன். பறப்பு டியூட்டிகளில் வாரத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிஜமாக ஓட்டுகிறேன், மாதத்துக்கு 18 மணி நேரம் வரும். மற்றவை "காகிதத்தில் பறந்தது" என்று குறிக்கப்பட்டுவிடும். ஓய்வு, வார வரம்பு, மாத வரம்பு எல்லாம் முழு ரோஸ்டருக்கே கணக்காகும், அதனால் நிஜத்தின் தர்க்கம் உடையாது. ஒரே நிபந்தனை: ஓட்டுவதற்கு எடுக்கும் டியூட்டி தளத்தில் தொடங்கித் தளத்தில் முடிய வேண்டும். வெளியூரில் ராத்திரி தங்கும் லேஓவர் உள்ளதை எடுத்தால் போகும் செக்டர், திரும்பும் செக்டர் இரண்டையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் மும்பை ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருக்கும்போது விமானத்தை சென்னையிலிருந்து எடுப்பீர்கள்.

28 நாள் என்பதற்குக் காரணம் உண்டு. ஏரோநாட்டிகல் தரவுகள் மாறும் ஏஐராக் சுழற்சி 28 நாள், எப்போதும் வியாழக்கிழமை அமலாகும். 2026-இன் முதல் சுழற்சி ஜனவரி 22. ரோஸ்டரையும் அன்றைக்கே தொடங்கினால் சார்ட், விமானக் கணினியின் தரவு, சிம்பிரீஃப் திட்டம் மூன்றும் மாதம் முழுக்க ஒரே பதிப்பில் இருக்கும். நடுவில் மாறினால், திட்டத்தில் உள்ள வழிப்புள்ளி விமானக் கணினியில் இல்லை என்று அடம்பிடிக்கும். சிம்பிரீஃபை இலவசமாகப் பயன்படுத்துபவருக்கு அதில் பழைய சுழற்சிதான் கிடைக்கும், சார்ட்டும் தரவும் விற்கும் நேவிகிராஃபின் சந்தா இருந்தால் புதுசு. இந்திய விமான நிலையங்களுக்கான சார்ட்டுகளை இந்திய விமான நிலைய ஆணையமே தன் மின் ஏஐபியில் (விமானிகளுக்கான அதிகாரபூர்வத் தகவல் தொகுப்பு) இலவசமாக வைத்திருக்கிறது. உள்நாட்டுக்குள் மட்டும் பறப்பவர் சார்ட்டுக்காகச் சந்தா கட்ட வேண்டியதே இல்லை. இது தெரியாமல் நான் கட்டினேன். சின்ன நிலையங்களுக்குப் போவதாக இருந்தால் அதே ஏஐபியில் இயங்கும் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி மூடியிருக்கும் ஓடுபாதைக்கு எட்டு மணி ஃப்ளைட் போட்டுவிடக் கூடாது.

ஒரு டியூட்டியைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஏ320-ஐ விட்டு ஏடிஆர் 72-600-க்கு மாறினேன். செக்டர் குட்டி, ஒரு சாயங்காலத்தில் ஒன்று முடியும். ரிப்போர்ட்டிங் 06:10. முதலில் 05:40 என்று போட்டிருந்தேன், இரவுக் கணக்குக்குள் விழுவதால் அரை மணி தள்ளினேன். 07:10 சென்னை–திருச்சி, 08:15. 08:40 திரும்ப, 09:50. 10:20 சேலம், 11:25. 11:50 திரும்ப, 13:00. பிளாக் டைம் 4:30, பணி 6:50. நேரங்கள் எடுத்துக்காட்டுக்காக நானே போட்டவை, வழித்தடங்களில் ஏடிஆர் ஓடுவது நிஜம். திங்கள் ராத்திரி முதல் செக்டர், செவ்வாய் இரண்டாவது, புதன் விடுப்பு, வியாழன் மூன்றாவது, வெள்ளி நான்காவது. சிமுலேட்டரின் கடிகாரத்தை மட்டும் அந்தந்த செக்டரின் காலை நேரத்துக்குத் திருப்பி வைப்பேன். நடுவானில் சேவ் செய்து மறுநாள் திறக்கும் வேலையே வேண்டாம், ஆட்ஆன்கள் அதில் ஏதாவது ஒன்றை மறந்துபோகும். செக்டர் முடிந்து பார்க்கிங்கில் நின்றதும் நான்கு நேரத்தை எழுதிக்கொள்வேன்: நகர்ந்தது, எழும்பியது, தொட்டது, நின்றது. அதோடு நிறுத்திய ஸ்டாண்ட் எண், டாங்கில் மீதி எத்தனை கிலோ. மறுநாள் அதே ஸ்டாண்டில், அதே மீதியிலிருந்துதான் எரிபொருள் ஏற்றுவது. இந்த ஒரு சின்ன விஷயம்தான் நான்கு தனித்தனி ராத்திரிகளை ஒரே காலையாகக் கோத்துத் தருகிறது.

தாமதத்தையும் அப்படியே அடுத்த ராத்திரிக்குக் கடத்த வேண்டும். போன மாதம் திருச்சியில் 22 நிமிடம் தாமதமாக 08:37-க்கு நின்றேன். முன்பெல்லாம் இப்படி ஆனால் அன்றைய டியூட்டியையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவேன். இப்போது கணக்குப் போட்டேன். ஏடிஆருக்குக் குறைந்தபட்ச டர்ன்அரவுண்ட், அதாவது வந்து நின்று மறுபடி கிளம்பும் இடைவெளி, 20 நிமிடம் என்று வைத்திருக்கிறேன், ஆக 08:57-க்குக் கிளம்பலாம், தாமதம் 17 ஆகக் குறைந்தது. அட்டவணையில் திரும்பும் செக்டருக்கு 70 நிமிடம், சிம்பிரீஃப் கணக்குப்படி டாக்ஸியோடு 60 தான். 09:57-க்கு சென்னை, தாமதம் 7. அங்கே அட்டவணையில் 30 நிமிட நிறுத்தம், எனக்கு 20 போதும். 10:17-க்கே தயார், சேலம் சரியான நேரத்தில் கிளம்பியது. பேப்பரில் போட்ட இடைவெளி எதற்கு இருக்கிறது என்று அன்றுதான் கையால் தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. ஏ320-க்கு இதே கணக்கில் டர்ன்அரவுண்ட் 30 முதல் 35 நிமிடம் வையுங்கள்.

ஸ்டாண்ட்பை நாளுக்குத் தாயக்கட்டை மாதிரி ஒரு பகடை. ஒன்று அல்லது இரண்டு விழுந்தால் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், தளத்தின் புறப்பாட்டுப் பட்டியலில் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம் வரும் முதல் ஏடிஆர் என் தலையில். இல்லையென்றால் அன்று சிமுலேட்டரையே தொடக் கூடாது. டெட்ஹெட், அதாவது டியூட்டிக்காகப் பயணியாகப் போவது, ரோஸ்டரில் இருந்தால் பறக்காமல் எழுதிவிடலாம். ஆனால் இயாசா விதியில், பறப்பதற்கு முன்னால் அப்படிப் போன நேரம் பணி நேரத்தில் சேரும், செக்டராக எண்ணப்படாது. அதை ஷீட்டில் தனி நிறமாக வையுங்கள்.

நிஜ ஆட்கள் விமானக் கட்டுப்பாட்டாளராக உட்காரும் ஆன்லைன் வலையமைப்பான வாட்சிமில் பறப்பவர்களுக்குக் கடிகாரத்தைத் திருப்பும் வித்தை உதவாது. அங்கே எதிரே பேசும் கட்டுப்பாட்டாளர் இந்த நிமிடத்தில் இருக்கிறார். காலை செக்டரை ராத்திரி ஒன்பதுக்குக் கொண்டுபோனால் அவருக்கு அது ராத்திரி ஃப்ளைட்தான். அதனால் ஆன்லைன் டியூட்டியை, உங்கள் ஓய்வு நேரம் எந்த ஊரில் பகலாக இருக்கிறதோ அந்த ஊரில் போடுங்கள். நமக்கு ராத்திரி எட்டரை என்பது யூடிசி 15:00. லண்டனில் கோடையில் மாலை 4, குளிர்காலத்தில் 3. வெளிச்சம் இருக்கும், ஐரோப்பாவில் கட்டுப்பாட்டாளர்களும் அந்த நேரத்தில் நிறைய இருப்பார்கள். காட்விக்கைத் தளமாக வைத்து ஒரு ஏ320 ரோஸ்டர் போட்டால் மாலை செக்டர்கள் அப்படியே கைக்கு வந்து விழும். ஒன்றே ஒன்று, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஐரோப்பாவில் கடிகாரம் மாறும், விமான நிறுவனங்களின் கோடை, குளிர்கால அட்டவணையும் அன்றுதான் மாறும். அந்த ஞாயிறைத் தாண்டும் ரோஸ்டரைப் பழைய அட்டவணையை வைத்துப் போடாதீர்கள், பாதிக்குமேல் தப்பாகும். வாட்சிமில் இருக்கும்போது குரூஸில் நேரத்தை நான்கு மடங்கு ஓட்டுவதும், விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் வேண்டாம். எழுந்து போக முடியாத ராத்திரி என்றால் ஆஃப்லைன் டியூட்டி.

கடைசியாக அப்டேட். மூன்றாவது ஷீட்டை ஒழித்தது இதுதான். நடு டியூட்டியில், டெல்லியில் விமானம் நிற்கும்போது, சிமுலேட்டர் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. ஆட்ஆன் எழுந்திருக்கவே இல்லை. அதற்கான திருத்தம் வரும்வரை நான் டெல்லியிலேயே கிடந்தேன். இப்போது ரோஸ்டரின் கடைசி இரண்டு நாளை எப்போதும் விடுமுறையாக வைக்கிறேன், செவ்வாயும் புதனும். சிமுலேட்டர், ஆட்ஆன், ஏஐராக் எல்லாவற்றையும் அந்த இரண்டு நாளில் புதுப்பித்து, திருச்சிக்கு ஒரு சும்மா செக்டர் போய்ப் பார்த்துவிட்டு, ஷீட்டை வேறு பெயரில் சேமித்து, வியாழக்கிழமைக்கான முதல் ரிப்போர்ட்டிங்கை எழுதுவேன். இந்த மாதம் அது 06:25, மதுரை.